ஒகோனோமியாக்கி உடைகிறதா, ஊறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜப்பானின் ஒசாகாவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் நான் சுட்ட ஒகோனோமியாக்கிகளில் (கல்லில் சுடும் கனத்த ஜப்பானிய அடை) பாதியைக் கரண்டியால் அள்ளித்தான் தின்ன வேண்டியிருந்தது. மாவு கரைக்கத் தெரியும், கல் காய்ந்த பதம் தெரியும், திருப்பிப் போடத் தெரியும், பிறகென்ன என்ற மிதப்புதான் காரணம். தோசை சுட்டுப் பழகிய கைக்கு இது ஏன் பிடிபடவில்லை என்று புரிய வெகுநாள் ஆயிற்று. இது மாவுப் பண்டமே அல்ல, முட்டைக்கோஸ் பண்டம். கோஸ் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தேவையான பசைதான் மாவு. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் முக்கால்வாசி, இதை மறப்பதால் வருபவை. மிச்சம், கை சும்மா இருக்காததால் வருபவை.

‘ஒகோனோமி’ என்றால் உங்களுக்குப் பிடித்தது. ‘யாக்கி’ என்றால் சுட்டது. உள்ளே போடுவதில்தான் இந்தச் சலுகை, அளவில் இல்லை. ஒசாகா முறையில் ஒருவருக்கு மைதா 50 கிராம், தாஷி 50 மி.லி., முட்டை ஒன்று, நறுக்கிய முட்டைக்கோஸ் 150 கிராம், துருவிய நாகைமோ கிழங்கு 30 கிராம், தென்கசு ஒரு கைப்பிடி, பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியில் மெல்லிய துண்டுகள் மூன்று, சிவப்பு இஞ்சி ஊறுகாய் கொஞ்சம். கோஸ் மாவைப்போல் மூன்று மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். கிண்ணத்தில் பார்த்தால் மாவு போதவே போதாது என்று தோன்றும். அப்படித் தோன்றினால் அளவு சரி.

தாஷி என்பது கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷி என்ற மீன் சீவலும் இறங்கிய சாறு. கட்சுவோபுஷியை நம்மவர்களுக்கு விளக்குவது எளிது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்தியது. மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பு. தென்கசு என்பது தெம்புரா பொரிக்கும்போது எண்ணெயில் சிதறும் மாவுத் துளிகள். பெயரைக் கேட்டால் தென்காசிக்கு அடுத்த ஊர்போல இருக்கும். பார்க்கக் காராபூந்தியின் குஞ்சுபோல இருக்கும்.

திருப்பும்போது உடைந்து சிதறுகிறது

எல்லோருக்கும் முதலில் வரும் கோளாறு இதுதான். காரணங்கள் நான்கு, அநேகமாக இரண்டு மூன்று சேர்ந்தே வரும்.

முதலாவது, அவசரம். அடிப்பக்கம் இறுகுவதற்குமுன் கரண்டியை விடுகிறோம். கல் 200 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் முதல் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் வேண்டும். கடிகாரத்தைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஓரத்தில் கரண்டியை வைத்து மெல்லத் தள்ளுங்கள். முழு வட்டமும் ஒரே தட்டாக வழுக்கினால் திருப்பலாம். ஓரம் மட்டும் மடங்கினால் கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அளவு. கல் முழுவதும் பரப்புவது தோசைக்காரரின் பிறவிக் குணம். இதன் குறுக்களவு 15 முதல் 18 சென்டிமீட்டருக்குள், கனம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்கட்டும். கலவையைக் கல்லில் கொட்டிக் கரண்டி முனையால் வட்டமாக ஒதுக்கினால் போதும், தேய்க்கக் கூடாது.

மூன்றாவது, கோஸ் நறுக்கு. நூலாகச் சீவிய நீளத் துண்டுகள் வில்போல விறைத்து, திருப்பும் வேகத்தில் கலவையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஒசாகா முறைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத சிறு துண்டுகள் வேண்டும். நடுத்தண்டை எறியாமல் இன்னும் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். இனிப்பு அதில்தான் இருக்கிறது.

நான்காவது, பயம். பயந்தவர் உயரத் தூக்குகிறார். உயரத்திலிருந்து விழுந்தால் உடையத்தான் செய்யும். ‘கொத்தே’ என்ற தட்டைக் கரண்டிகள் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து முழுதாக உள்ளே செலுத்தி, கல்லை ஒட்டியபடியே மணிக்கட்டால் ஒரு சுழற்று. வீட்டில் அப்படிப்பட்ட கரண்டி இல்லாவிட்டால் ஒரு தட்டில் வழுக்கி இறக்கி, வாணலியை அதன்மேல் கவிழ்த்துத் திருப்புங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை.

ஒசாகாவில் ஆறு இருக்கை மட்டுமே கொண்ட ஒரு சிறு கடையில் நானே சுடுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். திருப்பியதும் பழக்க தோஷத்தில் கரண்டியால் மேலே ஓர் அமுக்கு. கடைக்காரப் பாட்டி கல்லின் அந்தப் பக்கத்திலிருந்து கைநீட்டி என் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். “தொடாதே” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து நிமிடம் நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் சிறு குமிழிகள் வெடிப்பதும், இறைச்சியின் கொழுப்பு உருகி அடியில் சிணுங்குவதும், கோஸின் பச்சை வாசனை மெல்ல இனிப்பு வாசனையாக மாறுவதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தன. பாட்டி திரும்பி வந்து, கொத்தேயின் முனையால் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். அது மெத்தைபோல எழும்பி அடங்கியது. கரண்டி என் கைக்குத் திரும்பி வந்தது.

வெளியே சிவந்துவிட்டது, உள்ளே பச்சை மாவு

முதலில், அது உண்மையிலேயே பச்சையா என்று பாருங்கள். நாகைமோ சேர்ந்த ஒகோனோமியாக்கியின் உட்புறம் வெந்த பிறகும் இளகலாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் அதைச் சேர்க்கிறோம். பச்சை மாவு பல்லில் ஒட்டும், நாவில் மாவு வாடை அடிக்கும். வெந்த இளக்கம் நாவில் கரையும். ஐயம் இருந்தால் நடுவில் ஒரு பல்குத்தியைக் குத்தி எடுங்கள். வெள்ளைக் கூழ் ஒட்டி வரக் கூடாது.

பச்சைதான் என்றால் தீ அதிகம். கடைகளில் இருக்கும் தெப்பான் கனத்த இரும்புத் தகடு. சூட்டைச் சேர்த்துவைத்து மெதுவாகக் கொடுக்கும். வீட்டு வாணலி மெல்லியது, சுருக்கென்று கருக்கிவிடும். ஆகவே நடுத்தர அளவுக்குக் குறைந்த தீ. இறைச்சித் துண்டுகளை மேற்பரப்பில் அடுக்கி, திருப்பியதும் மூடி போட்டு ஐந்து நிமிடம். பிறகு மூடியை எடுத்து மறுபடி திருப்பி இரண்டு நிமிடம். மூடிக்குள் எழும் ஆவியில் கோஸ் வேகும், திறந்த பின் ஓரம் மொறுமொறுக்கும். முட்டையும் பன்றி இறைச்சியும் இருப்பதால் இந்த மூடி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சொதசொதவென்று தண்ணீர் விடுகிறது

குற்றவாளி கோஸ், அல்லது கோஸைக் காக்கவைத்த நீங்கள். தாஷி, உப்பு எல்லாம் சேர்ந்த கலவையில் நறுக்கிய கோஸ் கிடந்தால் பத்து நிமிடத்தில் நீர் விட ஆரம்பிக்கும். நான்கு பேருக்குச் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கலந்தால் முதல் ஒகோனோமியாக்கி அருமையாக வரும், நான்காவது கஞ்சியாக வரும். கடைகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சிறு கிண்ணத்தில், மேலே உடைத்த முட்டையோடு, கலக்காமலே கொண்டுவந்து வைப்பதன் நியாயம் இதுதான். கலக்குவது கல் காய்ந்த பிறகு, ஒவ்வொன்றாக.

கழுவிய கோஸை நன்றாக உலர்த்துங்கள். வசந்த காலத்தில் ஜப்பானியக் கடைகளுக்கு வரும் இளங்கோஸ் இலை தளர்ந்து, நீர் மிகுந்து இருக்கும். பச்சையாகத் தின்ன அது சிறந்தது, இதற்குக் குளிர்காலத்தின் இறுகிய கோஸ்தான். இளங்கோஸ்தான் கிடைத்தது என்றால் தாஷியை 10 மி.லி. குறைத்து, தென்கசுவைக் கூட்டுங்கள். தென்கசு அலங்காரமன்று. நீரை உறிஞ்சுவதும், உள்ளே சிறு இடைவெளிகளை உண்டாக்குவதும் அதன் வேலை.

ரப்பர்போல் இழுக்கிறது

மாவை அடித்து அடித்துக் கலக்கியிருக்கிறீர்கள். கோதுமையின் பசைத்தன்மை முறுக்கேறிவிட்டது. மைதாவையும் தாஷியையும் கட்டி போகும் அளவுக்கு மட்டும் கலந்து, துருவிய கிழங்கைச் சேர்த்து, குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் விடுங்கள், முறுக்கு தளரும். கோஸும் முட்டையும் சேர்த்த பிறகு சுற்றிச் சுற்றிக் கிண்டாமல், அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிப் போட்டுக் காற்று நுழைய விடுங்கள். இருபது தூக்கு தாராளம்.

இன்னொரு காரணம், அந்தப் பாட்டி என் கரண்டியைப் பிடுங்கியது எதற்காகவோ அது. அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் ஓடிவிடும்.

நாகைமோ கிடைக்காத ஊரில் பேக்கிங் பவுடர் ஒரு சிட்டிகை சேர்த்தால் உப்பலாவது கிடைக்கும். அந்த வழவழப்பு கிடைக்காது.

கை அரிக்கிறது

கருணைக்கிழங்கு நறுக்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாகைமோ நம் வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்தது. தோலை ஒட்டிய பகுதியில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன. அவை தோலில் குத்துவதால்தான் அரிப்பு. தேய்க்கத் தேய்க்க இன்னும் ஏறும். வினிகர் கலந்த நீரில் கையை நனையுங்கள், புளிக்கரைசலும் கேட்கும். அடுத்த முறை தோலை முழுவதும் சீவாமல், பிடிக்கும் முனையில் விட்டுவைத்துத் துருவுங்கள். சீவிய கிழங்கைச் சற்று நேரம் வினிகர் நீரில் போட்டெடுத்தால் நிறமும் மாறாது.

சாஸ் கருகிவிட்டது, சாஸே கிடைக்கவில்லை

கருகியது என்றால் சீக்கிரம் ஊற்றிவிட்டீர்கள். கடைசித் திருப்பலுக்குப் பிறகுதான் சாஸ். அதில் சர்க்கரை அதிகம். ஓரத்திலிருந்து சில சொட்டு கல்லில் வழிந்து புகைவது குற்றமில்லை. தெருமுனை வரை ஆளை இழுக்கும் வாசனை அந்தப் புகைதான். மேலே மயோனைஸ், ஆவோநோரி என்ற பச்சைக் கடற்பாசித் தூள், கட்சுவோபுஷி, இந்த வரிசையில்.

இந்தக் கெட்டிச் சாஸே ஒரு கோளாறுக்கு மருந்தாகப் பிறந்ததுதான். முன்பெல்லாம் நீர்த்த உஸ்டர் சாஸைத்தான் ஊற்றினார்கள். அது நிற்காமல் வழிந்து கல்லில் ஓடிவிடும். ஹிரோஷிமாவின் ஒட்டாஃபுகு நிறுவனம் கடைக்காரர்களின் இந்தக் குறையைக் கேட்டு, வழியாமல் மேலே தங்கும் சாஸை 1952இல் கொண்டுவந்தது. அதன் இனிப்பில் பேரீச்சம்பழத்துக்கும் பங்குண்டு.

கிடைக்காதவர்கள் உஸ்டர் சாஸ் மூன்று பங்கு, தக்காளிக் கெச்சப் இரண்டு பங்கு, சோயா சாஸ் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு கலந்து இளந்தீயில் ஒரு கொதி விடலாம். ஊறவைத்து மசித்த பேரீச்சம்பழம் இரண்டைச் சேர்த்தால் கெட்டியும் வரும், அசலுக்கு நெருங்கியும் வரும்.

ஹிரோஷிமா முறையில் செய்தேன். கோஸ் மலை சரிகிறது

இது வேறு ஜாதி. இங்கே எதையும் கலப்பதில்லை, அடுக்குவதுதான். கல்லில் மெல்லிய மாவு வட்டம் ஒன்றை ஊற்றித் தேய்க்க வேண்டும். தோசைக் கைக்கு மதிப்புக் கிடைக்கும் ஒரே இடம் இதுதான், அனுபவியுங்கள். அதன்மேல் மீன் தூள், நூலாகச் சீவிய கோஸ் ஒரு குவியல், முளைகட்டிய பயறு, தென்கசு, இறைச்சித் துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு கரண்டி மாவு. அப்படியே தலைகீழாகத் திருப்பினால் மாவு வட்டம் மூடியாகி, கோஸ் அதன் அடியில் தன் நீரிலேயே அவிகிறது. பக்கத்தில் நூடுல்ஸை வதக்கி வட்டமாக்கி, கோஸ் அடுக்கை அதன்மேல் ஏற்றி, கடைசியில் ஒரு முட்டையைக் கல்லில் உடைத்துப் பரப்பி, மொத்தத்தையும் அதன்மேல் இறக்கித் திருப்பினால் முடிந்தது.

மலை சரிவதற்குப் பெரும்பாலும் காரணம், மேலே ஊற்ற வேண்டிய அந்த இரண்டு கரண்டி மாவை மறந்தது. அடுக்குகளைப் பிடித்துவைப்பது அதுதான். ஊற்றியும் சரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. திருப்பிய பிறகு சிதறிய கோஸைக் கரண்டியால் அடியில் தள்ளி ஒதுக்குங்கள். கடைக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் ஒரு சாண் உயரம் நிற்கும் குவியல் வேக வேகத் தானாகவே பாதியாகும். அதற்குமுன் அமுக்கி வழிக்குக் கொண்டுவரப் பார்த்தால் கோஸ் அவியாமல் நசுங்கும். கோஸ் வெந்த பிறகு, கடைசிக் கட்டத்தில், சில கடைகளில் ஒரு தரம் அமுக்குவதுண்டு. ஒசாகா சட்டம் இங்கே அப்படியே செல்லாது.

முட்டை ஒட்டாமல் தனியாகக் கழன்று வந்தால் அது முன்பே முழுதாக வெந்துவிட்டது என்று பொருள். மஞ்சள் கரு பளபளப்பு மாறாமல் இருக்கும்போதே மேலே இறக்க வேண்டும். நூடுல்ஸ் கொழகொழத்தால் அதைத் தனியாக வதக்காமல் நேரே அடுக்கில் வைத்திருப்பீர்கள்.

இந்த அடுக்கின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு காலம் இருக்கிறது. போருக்கு முன் ‘இஸ்ஸென் யோஷோகு’, அதாவது ஒரு சென் காசுக்கு மேல்நாட்டு உணவு, என்று குழந்தைகளுக்கு விற்றது மெல்லிய மாவு வட்டமும் கொஞ்சம் வெங்காயத் தாளும் மட்டும்தான். அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6க்குப் பிறகு, அரிசிக்கு வழியில்லாத ஹிரோஷிமாவில், அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவை வைத்துக்கொண்டு, தள்ளுவண்டிகளிலும் வீட்டுத் திண்ணை போன்ற முன்னறைகளிலும் இதைச் சுட்டு விற்றார்கள். வயிறு நிறைய கோஸ் ஏறியது. பின்னர் நூடுல்ஸும் முட்டையும் ஏறின. தனியாகக் கடை நடத்திய பெண்கள் பலர். இன்றும் அங்கே பல கடைகளின் பெயர் ‘ச்சான்’ என்று செல்லப்பெயராகவே முடிகிறது. நகர நடுவில் ஒகோனோமிமுரா என்ற ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி இருபதுக்கு மேற்பட்ட கடைகள்.

அங்கே போனால் இதை ‘ஹிரோஷிமாயாக்கி’ என்று சொல்லி வைக்காதீர்கள். நான் சொன்னேன். எதிரே இருந்தவர் சிரித்தபடியேதான் திருத்தினார், ஆனால் திருத்தினார். அவர்களுக்கு அது வெறும் ஒகோனோமியாக்கி. மற்றதுதான் ‘கன்சாய் முறை’, அதாவது ஒசாகா வட்டாரத்து முறை.

கடையில் ஏற்படும் திகைப்புகள்

கிண்ணத்தில் ஒரே தண்ணீராக இருக்கிறது என்றால் நீங்கள் தோக்கியோவில் இருக்கிறீர்கள், கேட்டது மொஞ்சா. கோளாறில்லை. கோஸை முதலில் வதக்கி வரப்புக் கட்டி, நடுவில் நீர்த்த மாவை ஊற்றி, ஓரத்தில் பிடிக்கும் காந்தலைச் சுரண்டித் தின்பது அதன் முறை. சுகிஷிமா பகுதியில் ஒரு தெரு முழுக்க அதுதான். அது கடைசிவரை இறுகாது. காத்திருந்து ஏமாற வேண்டாம்.

மேலே ஏதோ உயிரோடு நெளிகிறது என்று அலறியவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்சுவோபுஷிச் சீவல் காகிதத்தைவிட மெல்லியது. கீழிருந்து எழும் ஆவி பட்டுச் சுருண்டு ஆடுகிறது. ஆடவில்லை என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்: ஆறிப்போய்விட்டது.

ஒசாகாவில் பக்கத்து மேசைக்காரர் சோறும் மிசோ சூப்பும் வைத்துக்கொண்டு இதைத் தொட்டுக்கொள்வார். அங்கே அது சாதாரண மதிய உணவு. புரோட்டாவையும் சோற்றையும் ஒரே இலையில் பார்த்தவர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு: இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சி மட்டும்தான் போகும். மாவில் தாஷி இருக்கிறது, அதாவது மீன். மேலே தூவுவது மீன். பல சாஸ்களிலும் இறைச்சி அல்லது மீன் சாறு சேர்கிறது. ‘மோச்சியும் (பசை அரிசியில் இடித்த பண்டம்) சீஸும்’ என்று பட்டியலில் பார்த்து நம்பிவிடாதீர்கள். வீட்டில் செய்தால் கொம்புவும் உலர்ந்த ஷீட்டாக்கேக் காளானும் ஊறிய நீரே நல்ல தாஷி. நான் பல நாட்களில் அதையே விரும்புகிறேன்.

சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, மூச்சுத் திணறல்

இதில் வேடிக்கை இல்லை. தாஷிச் சுவை சேர்த்த ஒகோனோமியாக்கி மாவுப் பொட்டலத்தைத் திறந்து பாதியை அலமாரியில் விட்டிருந்தீர்களா? சாதாரண மைதாவைவிட அந்தக் கலவையில் தூசிப் பூச்சிகள் வேகமாகப் பெருகும். ஜப்பானின் சூடும் ஈரமும் கலந்த கோடை அவற்றுக்கு ஏற்ற காலம். கண்ணுக்குத் தெரியாது. கல்லில் சுட்டால் பூச்சி சாகும், ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் சாகாது. தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஜப்பானில் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டிருப்பது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் அவசர உதவியை (ஜப்பானில் 119) அழையுங்கள். முட்டை, கோதுமை, இறால் ஒவ்வாமையும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால், எதனால் என்று வீட்டிலிருந்தபடி யூகிக்க வேண்டாம்.

திறந்த மாவுப் பொட்டலத்தை இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். எப்போது திறந்தது என்று நினைவில்லை என்றால் கொட்டிவிடுங்கள்.

மறுநாள் ஈரத் துணிபோல் ஆகிவிட்டது

சாஸ் ஊற்றியதை எடுத்துவைத்தால் அப்படித்தான் ஆகும். மிஞ்சும் என்று தெரிந்தால் சாஸ் படாமல் ஆறவிட்டு, உறையில் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். தின்னும்போது மைக்ரோவேவில் நடுப்பகுதி வரை சூடாக்கி, பிறகு எண்ணெய் விடாத வாணலியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். இறைச்சிப் பக்கத்தை முதலில் அடியில் வையுங்கள். அதன் கொழுப்பே போதும்.